பனிக்குள்ளே வேகும் கியர்ப்பெட்டி

மார்கழி, தை மாதங்களில் ரொறன்ரோவிலோ மொன்றியலிலோ கார் ஓட்டும் எம்மவர் பலர், தம் வாகனத்துக்கு நேரும் குறைகளுக்கெல்லாம் குளிரின் மேலேயே பழியைப் போட்டுவிடுகிறார்கள். இது பாதி உண்மையே. தானியங்கிக் கியர்ப்பெட்டியைக் குளிர் சற்றுத் துன்புறுத்தும். அதனைக் கொல்வதோ பெரும்பாலும் வெப்பம். உறைபனி நாட்டிலே ஒரு பொறி சூட்டினாற் சாவதா என்று மாணவர் வியக்கக்கூடும்.

மேசை விசிறிகள் இரண்டை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட்டினால், அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்துக்கொள்ளுங்கள். பொறியின் அடிப்படை விளங்கிவிடும். 1939ஆம் ஆண்டில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஓல்ட்ஸ்மொபீல் கார்களுக்கென வெளியிட்ட 'ஹைட்ராமற்றிக்' இவ்விதமே வேலை செய்தது. இன்று வகைகள் பலவாயினும், பெரும்பாலானவற்றில் விசையைக் கடத்துவதும், உள்ளிருக்கும் கிளச்சுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வெளியே கொண்டு செல்வதும் எண்ணெயே.

கடுங்குளிரில் அவ்வெண்ணெய் தடித்துவிடும். அதனாலேயே காலையில் கியர் தாமதித்தும் குலுங்கியும் விழுகின்றது. எஞ்சினை ஒரு நிமிடம் வரை ஓடவிட்டு, பின்னர் முதற் சில கிலோமீற்றரை மென்மையாக ஓட்டினாற் போதும். அரைமணி நேரம் 'பார்க்'கிலே நிறுத்தி உறுமவிடுவது பெற்றோலுக்குக் கேடு. கியர்ப்பெட்டி ஓட்டத்திலேதான் நன்கு சூடேறும். வினிப்பெக் போன்ற நகரங்களில் இரவிலே பூட்டும் மின்சூடேற்றியும் எஞ்சினுக்கு மட்டுமே உதவும். மூடிய கராஜினுள் எஞ்சினை ஓடவிடுவோர் வீட்டாரின் உயிரோடு விளையாடுகிறார்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை.

உண்மையான ஆபத்து கார் பனியிற் புதையும்போது வருகின்றது. வேலைக்கு நேரமாகிவிட்டது, சில்லு வீணே சுழல்கின்றது. ஓட்டுபவர் பொறுமையிழந்து 'டிரைவ்', 'றிவேர்ஸ்' என்று மாற்றி மாற்றிப் போட்டு அக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். ஒரு திசையிற் சுழலும் சில்லை நிறுத்தி மறுதிசைக்குத் திருப்பும் பாரம் முழுவதும் உள்ளிருக்கும் கிளச்சுத் தட்டுகளின் மேல் விழுகின்றது. சில்லு அசையாது பிடிபட்டிருந்தாலோ, எஞ்சினின் வலுவெல்லாம் எண்ணெயைக் கடைந்து வெப்பமாகின்றது. கார் நகராதபடியால் அதனை ஆற்றப் போதிய காற்றும் இல்லை. வேகமாய்ச் சுழலும் சில்லு திடீரென வெறுந்தரையைப் பற்றினால் அந்த அதிர்ச்சியே ஒரு பல்லை முறித்துவிடலாம். வெளியே எல்லாம் உறைந்திருக்க, உள்ளே எண்ணெய் வேகின்றது. சிவந்த எண்ணெய் கபிலநிறமாகிக் கருகல் வாடை வீசினால் நோய் முற்றிவிட்டது என அறிக. அதன்பின் வரும் செலவைத் தாங்க, புதிதாய்க் குடியேறிய குடும்பங்கள் எத்தனை மாதம் உழைக்க வேண்டுமோ!

ஆதலின், சில்லு இரண்டு மூன்று முறை வீணே சுழன்றதும் காலை எடுத்துவிடுக. இறங்கிச் சில்லுகளின் முன்னும் பின்னும், வண்டியின் அடியிலும், புகைக்குழாய் வாயிலும் உள்ள பனியை மண்வெட்டியால் அகற்றி, மணலைத் தூவி, சில்லுகளை நேராக்கி, மெல்ல மிதிக்க வேண்டும். பனிக்கென்று தனி அமைப்போ இரண்டாம் கியரிற் புறப்படும் வசதியோ இருப்பின் அதனைப் பயன்படுத்தலாம். காரோடு வரும் கைந்நூல் அனுமதித்தால் முன்பின்னாக அசைத்துப் பார்ப்பதிலும் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் பிரேக்கை மிதித்து, சில்லு முற்றாக நின்ற பின்னரே கியரை மாற்றுக. நாலைந்து தரத்தில் வெளிவராவிடில் பொறியை ஆறவிட்டு அயலவரைக் கூப்பிடுங்கள். தள்ளிவிடக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

அதுவும் பயன்படாமல் இழுவை வண்டி வந்தால் ஒன்றைக் கவனிக்க. எஞ்சின் நின்றிருக்கையில் எண்ணெய்ப் பம்பும் நின்றுவிடும். எஞ்சினால் இயங்கும் சில்லுகள் தரையில் உருள அப்படியே இழுத்துச் சென்றால், உள்ளுறுப்புகள் எண்ணெயின்றித் தேய்ந்துபோகும். காரை முழுவதும் தூக்கி ஏற்றும் தட்டையான லொறியையே அனுப்புமாறு தொலைபேசியிலே முதலிற் கேட்டுக்கொள்ளுங்கள்.