அரசைப் படம்பிடிக்கும் செயலி எங்கே?

தனுவச்சபுரம், பாறசாலைச் சிற்றூர்களில் நூறு நாள் வேலைக்குச் செல்வோரில் பெரும்பாலோர் பெண்கள். 2023 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசின் செயலி அவர்களை நாள்தோறும் இருமுறை படமெடுப்பது கட்டாயமாக்கப்பட்டது. சிக்னலின்றிப் படம் ஏறாவிட்டால், சிந்திய வியர்வைக்குக் கணக்கில்லை!

கூலியோ 15 நாட்களுக்குள் வர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு. ஆயிரம் ரூபாய் பாக்கிக்கு வெறும் 50 காசு. ஒன்றிய அரசின் தாமதத்துக்கும் இது பொருந்தும் என 2018இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தத் தாமதத்தை நாள்தோறும் கணக்கிட்டுத் தொழிலாளியின் கைபேசிக்கு அறிவிக்கும் செயலியைத்தான் உழைக்கும் பெண்கள் கேட்கிறார்கள். உழைப்பவரைக் கண்காணிக்கத் தெரிந்த நுட்பம், கூலியை முடக்குவோரைக் கண்காணிக்க மறுப்பதேன்? போராடியே அதைப் பெறுவோம்!