சித்தூர் நோயாளியின் இரட்டைச் செலவு

நகரியில் விசைத்தறிக் கூடத்தில் கூலி வேலை பார்க்கும் ஒருவருக்குக் கால் வீங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். உள்ளூர் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார். முடிவைப் பார்த்துவிட்டுத் திருப்பதிக்குப் போகச் சொல்கிறார். திருப்பதியில் அதே பரிசோதனையை மறுபடியும் செய்கிறார்கள். மனம் ஆறாத உறவினர்கள் வேலூருக்கு அழைத்துப் போனால், அங்கே மூன்றாவது முறை. சிகிச்சை தொடங்கும் முன்பே கைப்பணமும் பல நாள் கூலியும் போய்விடுகின்றன. சித்தூர், திருப்பதி வட்டாரத் தமிழர்களுக்கு இது பழகிப்போன அனுபவம்.

இங்கே ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லை. திருப்பதியில் ரூயா அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993ல் தொடங்கிய ஸ்விம்ஸ், 1995ல் மாநிலச் சட்டத்தின் மூலம் பல்கலைக் கழகமாயிற்று. சித்தூரிலிருந்து சுமார் 35 கிலோ மீட்டரில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது.

அரசுத் திட்டமும் உண்டு. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2007ல் தொடங்கிய ஆரோக்யஸ்ரீ, இப்போது என்.டி.ஆர். வைத்ய சேவை என்ற பெயரில் நடக்கிறது. ஏழைக் குடும்பங்கள் பலவற்றை அது கடனிலிருந்து காத்திருக்கிறது. ஆனால் அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை நிர்ணயமாகியிருக்கிறது. நோய் இன்னதென்று தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான் அதன் பலன் முழுமையாகக் கிடைக்கும். நோய் என்னவென்று தெரியாமல் அலையும் காலத்துச் செலவில் பெரும் பகுதி நோயாளியின் தலையில்தான் விழுகிறது. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டமோ அந்த மாநிலக் குடும்ப அட்டை உள்ளவர்களுக்கு மட்டுமே.

நாடு முழுவதற்கும் இது பொருந்தும். மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கொடுக்கும் பங்கு 2013-14ல் 64.2 சதவீதமாக இருந்தது; 2021-22ல் 39.4 சதவீதமாகக் குறைந்தது. நல்ல முன்னேற்றமே. எனினும் 100 ரூபாயில் ஏறத்தாழ 40 ரூபாய் இன்னும் மக்களின் கைப்பணம்தான்.

<b>இரண்டு ஆசைகள்</b>

ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியே கட்டணம் வாங்கும் இடத்தில், தேவைக்கு மேல் பரிசோதனை செய்யும் ஆசை எழும். முழுச் சிகிச்சைக்கும் ஒரே தொகை என்றால், தேவையானதையும் குறைத்து மிச்சம் பிடிக்கும் ஆசை எழும். முன்னதில் செலவு ஏறும். பின்னதில் தரம் இறங்கும். டாக்டர்களின் நேர்மையை மட்டும் நம்பி இதற்குத் தீர்வு காண முடியாது.

சிறுநீரக நோயை எடுத்துக் கொள்ளலாம். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் ரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் சிறுநீரில் புரதத்தையும் ஆண்டுதோறும் பார்த்துக் கொண்டால், கோளாறு முன்கூட்டியே தெரியும். இதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். தவறவிட்டுச் சிறுநீரகம் செயலிழந்தால், வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும். அரசு எவ்வளவு உதவினாலும் அந்தக் குடும்பம் தலை நிமிர்வது கடினம்.

ஆனால் தொடக்க நிலையில் 1.0 என்பதற்கும் 1.3 என்பதற்கும் உள்ள வித்தியாசம் நோயாகவும் இருக்கலாம். லேபின் பிழையாகவும் இருக்கலாம். வெளி லேபின் முடிவை நம்பத் தயங்கும் டாக்டரைக் குறை சொல்வதற்கில்லை.

<b>வழி அருகிலேயே உண்டு</b>

வேலூர் சி.எம்.சி.யின் மருத்துவ உயிர்வேதியியல் துறை, நாடெங்கும் உள்ள லேபுகளுக்காகத் தரச் சோதனைத் திட்டம் ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது. ஒரே மாதிரியான திரவத்தைப் பல லேபுகளுக்கும் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு லேபும் தனக்குக் கிடைத்த அளவைத் தெரிவிக்கிறது. மற்றவற்றுடன் ஒப்பிடும்போது எங்கே பிழை என்று தெரிந்துவிடும். இதில் சேர்வது லேபின் விருப்பத்தைப் பொறுத்தது.

விலை குறைந்தால் தரமும் குறையும் என்ற எண்ணம் சரியல்ல. 1994ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்குகிறது. மாதிரிகளை ஆய்வுக்கு அனுப்பி, தரம் சரியென்று தெரிந்த பிறகே அரசு ஆஸ்பத்திரிகளுக்கு விநியோகிக்கிறது. பரிசோதனைகளிலும் இதே முறையைக் கையாள முடியும்.

இரு மாவட்டங்களிலும் உள்ள ஒவ்வொரு லேபும் இத்தகைய தரச் சோதனையில் சேர வேண்டும் என்று ஆந்திர அரசு விதி செய்யலாம். அப்படித் தேறிய லேபின் முடிவைப் பெரிய ஆஸ்பத்திரிகள் ஏற்க வேண்டும். நோயின் நிலை மாறியிருந்தால் மறுபடியும் பார்ப்பது நியாயமே. நம்பிக்கை இல்லை என்பதற்காக மட்டும் பார்ப்பது வீண் செலவு. நோயைக் கண்டறியும் செலவையும் காப்பீட்டுத் திட்டம் ஏற்றால், பின்னால் டயாலிசிஸுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி அரசுக்கே மிச்சமாகும். நகரித் தொழிலாளிக்கும் வேலூர் பஸ்ஸுக்குக் கடன் வாங்கும் அவசியம் குறையும்.