வாய்க்கால் தனியார் நிலத்தில். வெள்ளம் யார் வீட்டில்?

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் காரைக்கால் பகுதியில் நம் தெருக்களில் நடக்கும் முதல் வேலை, அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றுவது. அடுத்தது பிள்ளைகளின் புத்தகப் பை, குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ். மழைத்தண்ணீர் மட்டும் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நகரத்துச் சாக்கடையும் சேர்ந்தே வருகிறது. மனு எழுதிக்கொண்டு போனால் நமக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "வாய்க்கால் அடைபட்டிருப்பது தனியார் பட்டா நிலம். நாங்கள் கைவைக்க முடியாது."

இந்தப் பதில் சரிதானா?

காரைக்கால் காவிரியின் கடைமடை. அரசலாறு, திருமலைராஜனாறு, நண்டலாறு, வாஞ்சியாறு என்று காவிரிக் கிளைகள் கடலைத் தேடி வரும் தட்டையான பூமி. கடல் ஏற்றத்தின்போது ஆற்றுமுகத்தில் தண்ணீர் வடியாமல் தேங்கும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு சின்ன வடிகால் அடைபட்டாலும் ஒரு தெரு மூழ்கும். வயல் வயலாக இருந்தவரை மழைநீர் அதில் பரவி, வடிகாலில் இறங்கி, ஆற்றுக்குப் போனது. வயல்கள் மனைப்பிரிவுகள் ஆனதும் மண் கொட்டி மேடாக்கினார்கள். வாய்க்காலில் சின்னக் குழாயைப் புதைத்து மேலே பாதை போட்டார்கள். தண்ணீருக்கு மிச்சம் இருந்த பள்ளம் நம் குடியிருப்புதான். மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி என்று நம்மைக் குடிவைத்தது மழை அல்ல, சாதி.

சட்டம் என்ன சொல்கிறது? காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் சிவில் சட்டத்தில் 640ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். மனிதக் கை படாமல் இயல்பாக ஓடிவரும் நீரைக் கீழ்நிலத்துக்காரர் ஏற்க வேண்டும், அணைகட்டித் தடுக்கக் கூடாது. மேல்நிலத்துக்காரரும் கீழ்நிலத்தின் சுமையைக் கூட்டும் எதையும் செய்யக் கூடாது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டமும், மேல்நிலத்தில் விழும் மழைநீர் இயல்பாகக் கீழ்நிலத்துக்கு வடிய விடப்பட வேண்டும் என்கிறது. இரண்டும் பேசுவது இயல்பான நீரைப் பற்றி. சிமெண்ட் சாலையில் விழுந்து, தெருச் சாக்கடைகளில் திரண்டு, ஒரே வாய்க்காலுக்குள் திருப்பிவிடப்படும் தண்ணீர் இயல்பான நீர் அல்ல. அது நகரம் திரட்டி அனுப்பும் நீர். அனுப்புகிறவருக்கு, அது போய்ச் சேரும் வழியைப் பற்றியும் பொறுப்பு உண்டு. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கும் அந்தப் பொறுப்பில் பங்கு உண்டு.

பணம் இல்லை என்ற சாக்கும் செல்லாது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் திறந்த சாக்கடையின் நாற்றத்தில் வாழ்ந்த மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நிதி இல்லை என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது. 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு அந்த வாதத்தை ஏற்கவில்லை. வடிகால் அமைப்பது நகராட்சியின் கடமை, அதை நிறைவேற்றியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த மக்கள் பயன்படுத்தியது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவு. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 152ஆவது பிரிவு. மக்கள் சட்டப்படி பயன்படுத்தும் ஆறு, வாய்க்காலில் உள்ள தடையை அகற்ற நிர்வாக மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்று அது தெளிவாகவே சொல்கிறது.

தண்ணீர் மேட்டுத் தெருவையும் எட்டிவிட்டால் மட்டும் வேலை உடனே நடக்கிறது. அப்போது தனியார் நிலம் என்ற பேச்சு எழுவதில்லை. அடைப்பை எடுக்க அழைக்கப்படுவதும் நம் ஆட்கள்தான். கழிப்பறைக் கழிவு விழும் திறந்த சாக்கடையை மனிதக் கையால் அள்ளவைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. வெள்ளமும் நமக்கு, சாக்கடைக்குள் இறங்கும் வேலையும் நமக்கு என்ற ஏற்பாட்டை இனியும் ஏற்க முடியாது.

இதையெல்லாம் வார்டு உறுப்பினரிடம் சொல்லலாம் என்றால் அதற்கும் வழி அடைபட்டிருக்கிறது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். அவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகளாகத் தேர்தல் நடத்தப்படவில்லை. உறுப்பினர் நாற்காலியோடு நம் இடஒதுக்கீடும் போயிற்று.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான கேள்வி உண்டு. வாய்க்கால் ஓடும் நிலத்தின் சொந்தக்காரர் மூன்று சென்ட் இலவச மனைப்பட்டா வைத்திருக்கும் ஏழையாகவும் இருக்கலாம், நம்மில் ஒருவராகவும் இருக்கலாம். அவர் தலையில் தூர்வாரும் செலவைக் கட்டுவது நியாயம் இல்லை. ஆக்கிரமிப்பு அகற்றம் என்ற பெயரில் மாற்று இடம் தராமல் கரையோரக் குடிசைகளை மட்டும் பிடுங்குவதும் நியாயம் இல்லை. மண் கொட்டி மேடாக்கி மனை விற்றவரை முதலில் கேளுங்கள்.

நாம் கேட்பது இவ்வளவுதான். நில அளவை வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு வடிகாலையும் மழைக்கு முன்பே நேரில் போய்ப் பாருங்கள். அடைத்தவருக்கு நோட்டீஸ் கொடுங்கள். அவர் செய்யாவிட்டால் நகராட்சியே எந்திரம் கொண்டு எடுத்துவிட்டு, செலவை அவரிடம் வாங்கட்டும். ஏழை நிலத்தில் என்றால் பொதுப்பணத்தில் செய்யட்டும். வடிகாலுக்கு இடம் விடாத மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்காதீர்கள்.

படிக்கும் பிள்ளைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. அடைபட்ட இடத்தின் சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதியோடு படம் எடுங்கள். மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அந்த மனைப்பிரிவுக்கு யார், என்ன நிபந்தனையில் அனுமதி கொடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அடுத்த ஐப்பசிக்குள் அந்தக் காகிதங்கள் நம் கையில் இருந்தால், "தனியார் நிலம்" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு வாய்மூடித் திரும்ப வேண்டியதில்லை.