வண்டியின் சுமை

மலையும் மணலுங் கடந்து, உணவும் படுக்கையும் வண்டியிலேயே கொண்டு, பன்னாள் பயணஞ் செய்து வெட்டவெளியிற் கூடாரமடித்துத் தங்கும் வழக்கம் இந்நாளிற் பெருகி வருகின்றது. அதற்கென வண்டியைத் திருத்தியமைத்தலும் ஒரு பெருவாணிகமாகிவிட்டது. கூரைமேற் கூடாரம், முன்புறத்து இரும்புத் தடுப்பு, பருத்த டயர், விளக்கு வரிசை, குளிர்ப்பெட்டி என வாங்குதற்குரியன நாளும் வளர்கின்றன. இவையின்றிப் புறப்படுதல் அறியாமை என்பார் எம் விடுதியிலும் உளர். நான்கு சக்கரமும் உந்தாத வண்டி வண்டியே அன்று என்பது அவர் துணிபு. யாம் அதற்கு உடன்படேம். நெடுவழி செல்ல விரும்புவோன், எதனைச் சேர்ப்பது என்று எண்ணுமுன் எதனைக் கழிப்பது என்று எண்ணுதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

இதற்குச் சான்றாவார் ரால்ஃப் பாக்னால்ட் (1896–1990) என்னும் ஆங்கிலப் படையதிகாரி. அவர் எகிப்திற் பணியாற்றிய காலத்துப் பாலைநிலத்தில் ஈடுபாடு கொண்டு, 1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில், நண்பர் சிலருடன் தத்தம் விடுமுறையையும் கைப்பொருளையுஞ் செலவிட்டு, ஃபோர்டு வண்டிகளில் லிபியப் பாலையின் உட்பகுதிகளை ஆராய்ந்தார். எகிப்துக்கும் லிபியாவுக்கும் இடையே கிடக்கும் பெருமணற்கடலில் 100 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மணற்குன்றுகள் உண்டு. அவற்றின் மீது ஏறிச் சென்ற அவ்வண்டிகளை உந்தியவை பின்சக்கரங்கள் இரண்டே.

அவர்கள் செய்த முதற்றிருத்தம் கழித்தல். பயணத்திற்கு இன்றியமையாதன அல்லாத மேற்பகுதிகளையெல்லாம் களைந்தெறிந்தனர். அங்ஙனம் குறைந்த சுமைக்கு ஈடாக ஏற்றியவை பெட்ரோலும் தண்ணீரும். பையும் இரண்டு அங்கியும் வேண்டாவென்று சீடரை அனுப்பிய நம் ஆண்டவரின் கட்டளை மோட்டாரைக் குறித்ததன்று என்பதை யாம் அறிவோம். ஆயினும் இவர்கள் செயலைப் படிக்குந்தோறும் அஃதே எம் நினைவிற்கு வருகின்றது.

தண்ணீரைக் காத்தற்கு அவர்கள் கையாண்ட முறை வியக்கத்தக்கது. அக்காலத்து ரேடியேட்டரில் நீர் கொதித்தால் ஆவி ஒரு சிறுகுழல் வழியே வெளியேறி வீணாகும். பாலையில் வீணாவது மாந்தர் குடிக்கும் நீரன்றோ! ஆதலின் அக்குழலை வண்டியின் பக்கத்திற் பொருத்திய தகரக்கலத்துள் விடுத்தனர். கலத்தில் ஓரளவு நீர் இருக்கும். அதனுட் புகுந்த ஆவி குளிர்ந்து நீராகும். கலத்து நீரும் கொதிக்கத் தொடங்கின் வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாகத் திருப்பிச் சிறிது நேரம் நிற்பர். ரேடியேட்டர் குளிர்ந்து உள்ளே வெற்றிடம் உண்டாக, கலத்து நீர் தானே மீண்டும் உறிஞ்சப்பெறும். தேவையானவை ஒரு தகரக்கலமும் ஒரு குழாயும், நயமான பற்றுவைப்பும். இக்காலத்து வண்டிகளிலுள்ள ரேடியேட்டர் துணைக்கலம் இம்முறையையே பின்பற்றுகின்றது.

மணலிற் புதைந்த சக்கரத்தின் கீழ் இடுதற்கு அவர்கள் கொண்ட எஃகுத் தகடுகள் கெய்ரோவிற் பழம்பொருட் கடையொன்றில் அகப்பட்டவை. முதல் உலகப்போரிற் பதுங்குகுழிகளுக்குக் கூரையிடச் செய்யப்பெற்றவை. அதே கருவி இன்று பல நிறப் பிளாஸ்டிக்கில் மிகுவிலைக்கு விற்கின்றது! டயரின் காற்றைக் குறைத்தாலோ செலவே இல்லை. டயர் மண்ணிற் படியும் பரப்பு நீளும்; வண்டி புதையாது மிதந்து செல்லும். கெட்டித்தரை வந்தவுடன் காற்றை மீண்டும் நிரப்புதல் வேண்டும். மறந்தால் டயர் சூடேறிக் கெடும்.

இனிக் கூரைமேற் கூடாரத்திற்கு வருவோம். மேலே ஏற்றிய சுமை வண்டியின் புவியீர்ப்பு மையத்தை உயர்த்தும். சரிவிற் கவிழ்தற்கு இதனினும் எளிய வழி இல்லை. டயரைப் பருக்கச் செய்தால் எஞ்சினுக்கும் அச்சுக்கும் பிரேக்குக்கும் உழைப்பு மிகும். வேகமானியும் மெய்வேகத்திற் குறைத்துக் காட்டும். ஒன்றைச் சேர்த்தவன் அதனைத் தாங்க ஸ்பிரிங்கை மாற்றுவான். பின்னர் அதற்கேற்ப வேறொன்றை மாற்றுவான். கைப்பொருள் கரையும். மாணாக்கர் நால்வர் கூடிப் பழைய ஜீப்பொன்றிற் புறப்படலாம் என்னும் எண்ணமே இதனால் மாய்ந்து போகின்றது. எமக்கு வருத்தந் தருவது இதுவே.

பேணுதலை மட்டும் சுருக்குதல் ஆகாது. கரடுவழியின் அதிர்ச்சி நட்டுகளை ஓயாது தளர்த்தும். ஆகவே ஒவ்வொரு மாலையும் அடுப்பு மூட்டுமுன் விளக்கொன்று கொண்டு வண்டியின் கீழ்ப் படுத்து, ஸ்பிரிங்கின் பட்டைகள், அச்சு, குழாய்கள், பிரேக் எண்ணெய் ஆகியவற்றை நோக்குதல் வேண்டும். காற்றுவடிகட்டியிற் சேர்ந்த தூசியை அகற்றுதலும் வேண்டும்.

இக்காலத்து எஞ்சினை மின்னணுக்கருவி ஆளுகின்றது, அதனை வழியிற் பழுதுபார்த்தல் யாவர்க்கும் இயலுமோ எனின், இவ்வினா வலியுடையதே. ஆயினும் வழியிற் கெடுவன யாவும் எஞ்சினுள் இருப்பன அல்ல. டயரும் பெல்ட்டும் ரப்பர்க் குழாயும் பாட்டரி முனையும் இன்றும் கைக்கு அடங்குவனவே.

எம் விடுதி நண்பர்க்கு ஒரு வேண்டுகோள். வாங்க விரும்பிய யாவும் வாங்கி, தண்ணீரும் எரிபொருளும் நிரப்பி, நால்வரும் ஏறியமர்ந்து, வண்டியை எடைமேடையில் நிறுத்துக. செய்தோர் குறித்த சுமையளவை அருகில் வைத்து ஒப்பிட்டு நோக்குக. பின்னர் எதனை முதலில் இறக்குவது என்பதை அங்கேயே நின்று எம்முடன் வாதிடலாம்.