இத்தா முடிந்த பிறகு



இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் வீடுகளில் இரு வேறு வழக்குகள் உள்ளன. மனைவியை இழந்த ஆணுக்கு நாற்பது நாள் கழிவதற்குள் பெண் தேடுகிறோம், "சமைத்துப்போட ஆள் வேண்டாமா?" என்கிறோம். கணவனை இழந்தவள் இருபத்தெட்டு வயதினளாயினும், "பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இரு" என்று கூறிவிடுகிறோம். அவனுடையது தேவை, அவளுடையது பொறுமையாம். மார்க்கம் இவ்வாறு பிரிக்கவில்லை.

இஸ்லாத்தின் முன்னோடிகளைப் பாருங்கள். அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்று திரும்பிய அன்னை சவ்தா (ரலி) கணவர் ஸக்ரானை (ரலி) இழந்திருந்தார்கள். அன்னை கதீஜா (ரலி) மறைந்து, நபி (ஸல்) அவர்களின் இல்லமும் துயரில் இருந்தது. இருவரிடமும் சென்று திருமணப் பேச்சைத் தொடங்கியவர் கவ்லா (ரலி) எனும் பெண்மணி. துயருற்றோர் தாமாக வாய்திறக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

உஹதில் பட்ட காயத்தால் அபூஸலமா (ரலி) மரணித்தபின், நபியவர்கள் பெண் கேட்டபோது அன்னை உம்முஸலமா (ரலி) மூன்று தயக்கங்களை வெளிப்படையாகச் சொன்னார்கள்: வயது, ரோஷம், பிள்ளைகள். பிள்ளைகளின் பொறுப்பை நபியவர்கள் தமதாக்கிக் கொண்டார்கள். மூத்தாவில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான பின் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி), அபூபக்ரையும் (ரலி), அவர் மறைந்தபின் அலீயையும் (ரலி) மணந்தார்கள். அபூபக்ரின் மகன் அலீயின் வீட்டில் வளர்ந்தார்.

"இது வசதிக்காகச் செய்யும் கல்யாணம்தானே?" என்று சிலர் இகழ்வர். ஆதரவும் கூரையும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பும் தேடுவதில் இழிவு ஏது? அன்பு பின்னர் வளரலாம். அமானிதம் முதல் நாளிலேயே இருக்க வேண்டும். முந்தைய துணையை மறக்க வேண்டும் என்பதும் இல்லை. அன்னை கதீஜாவின் தோழியருக்கு நபியவர்கள் இறைச்சி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

ஆயினும் வசதி ஒரு பக்கத்துக்கு மட்டும் ஆகிவிடக் கூடாது. பகலெல்லாம் நூற்பாலையிலோ சத்திரப்பட்டியின் மருத்துவத்துணித் தறியிலோ உழைத்துவரும் பெண்ணை, சம்பளமில்லாத சமையற்காரியாக அழைப்பது நிகாஹின் நோக்கமன்று. எனவே பேச்சுவார்த்தையிலேயே சிலவற்றைத் தெளிவாக்குங்கள்.

இத்தா நான்கு மாதம் பத்து நாள். கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை. அதற்குள் ஒப்பந்தம் கூடாது. சாடையாக விருப்பம் உணர்த்தத் தடையில்லை. இறந்த கணவரின் சொத்தில், அவருக்குப் பிள்ளை இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லையேல் நான்கில் ஒன்று. மறுமணம் செய்தாலும் அந்தப் பங்கு பறிபோகாது. யதீம்களின் சொத்து புதுக் கணவருக்கோ சிற்றப்பாவுக்கோ உரியதன்று. அதைத் தனியே எழுதிவையுங்கள். மஹரைக் குறைக்க விதவை என்பதைக் காரணம் காட்டாதீர்கள். பிள்ளைகள் தாத்தா, பாட்டியைக் காண வழி திறந்திருக்கட்டும். அவள் சம்மதத்தை அவள் வாயாலேயே கேளுங்கள்.

நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு ஊருக்கும் இடையே பேருந்தில் குறுகிய பயணந்தான். துணையிழந்த ஆண், பெண் இருபாலர் விவரத்தையும் அவர்களின் சம்மதத்தோடு, இரகசியம் காத்து, இரு ஊர் ஜமாஅத்தும் சேர்ந்து ஒரே பதிவேட்டில் வைக்கலாமே! கவ்லா (ரலி) செய்த பணியை நம்பிக்கைக்குரிய மூத்த சகோதரியர் இருவரிடம் ஒப்படைக்கலாமே! மணமாகாதோருக்கு மணமுடித்து வைக்குமாறு அல்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் 32ஆம் வசனம் ஏவுவது சமுதாயத்தை நோக்கியே.

தனித்திருக்க விரும்பும் சகோதரியை எவரும் நிர்ப்பந்திக்க வேண்டாம். அது அவளுடைய உரிமை. ஆனால் அவளிடம் ஒருமுறை கூடக் கேளாமல், அவள் விரும்பவில்லை என்று நாமே முடிவுசெய்வது அநீதி.

துயருற்ற இல்லங்களில் வல்ல அல்லாஹ் ஸகீனத்தை இறக்குவானாக! ஆமீன்.