ஒரு துண்டு கேக்

"பேரனின் பிறந்தநாளன்று ஒரு துண்டு கேக் சாப்பிடலாமா?" என்று நீரிழிவு நோயாளர்கள் கேட்கும்போதெல்லாம், "கூடவே கூடாது" என்று நாங்கள் சொல்லிவந்தோம். அது தவறு என இப்போது கருதுகிறோம். தடுக்கப்பட்டவர் மறைவாக உண்கிறார். எவ்வளவு உண்டார் என்பதை எங்களிடமும் சொல்வதில்லை.

வீட்டிலேயே செய்யுங்கள். கிரீம் பூச்சு வேண்டவே வேண்டாம். சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்திருப்பது அதில்தான். வழக்கமான சர்க்கரையில் கால் பங்கைக் குறைத்தால் சுவை பெரிதும் மாறாது. முழுவதும் நீக்கினால் கேக் வறண்டுவிடும். ஈரத்தைப் பிடித்துவைப்பது சர்க்கரையே. வெண்ணெயில் பாதியைக் குறைத்துக் கெட்டித் தயிர் சேர்க்கலாம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி உண்டு, சர்க்கரையில் 4தான்.

நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தீங்கற்றவை என்று பலர் நம்புகின்றனர் (எங்கள் வீட்டுப் பெரியவர்களும்தான்). அவையும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தவே செய்யும், மைதாவும் அவ்வாறே. ஆகவே இந்தக் கேக்கிலும் தீப்பெட்டியளவுத் துண்டு ஒன்றே போதும். அன்றைய சிற்றுண்டியில் ஓர் இட்லியைக் குறைத்துக்கொள்ளுங்கள். மறுமுறை வரும்போது, உண்டதைத் தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள்.