சாக்ஸும் தப்பும்: வாசிக்கிறவங்களுக்கு யார் பேர் போடுறது?

சாக்ஸஃபோன்னு சொன்னா எங்க செட்டுக்கு முதல்ல ஞாபகம் வர்றது ரெண்டு விசயம். ஒன்னு, 1994இல் வந்த ‘டூயட்’ படம். பிரபு கையில் சாக்ஸோடு நிற்பார், கேட்கிற நாதம் கத்ரி கோபால்நாத்துடையது. இன்னொன்னு நுவரெலியா ஏப்ரல் சீசன். பெரிய ஹோட்டல்களுக்குள்ள பேண்ட் வாசிக்கும், நாம ரோட்டுல நின்னு கேட்போம். உள்ள போகத்தான் காசு வேணும், சத்தத்துக்கு டிக்கட் இல்ல.

நாங்க கேட்க நினைக்கிற கேள்வி இதுதான்: அந்த ஆள் ஜூன் மாசம் என்ன சாப்பிடுவார்?

மலையகத்துல இசையை நம்பிப் பிழைக்கிறவங்களோட வருசத்தை ஒரு தடவை போட்டுப் பாருங்க. டிசம்பர் 31 ராத்திரிக்கு எல்லாரும் வேணும். மாசியில் காமன் கூத்து, அப்புறம் கோயில் திருவிழாக்கள், ஏப்ரலில் சீசன், நடுநடுவே கலியாண வீடு. தென்மேற்கு மழை இறங்கினதும் எல்லாம் படுத்துரும். பட்டிப்பொல பக்கம் அந்த நாட்களில் பத்தடிக்கு அங்கால நிற்கிற ஆளே தெரியாது, கச்சேரி எங்க நடக்கும்? அப்ப கோவா, லீக்ஸ் தோட்டத்துல கூலிக்குப் போவாங்க, இல்லாட்டி கொழும்புக்குக் கடை வேலைக்கு. திரும்பி வரும்போது விரல் மரத்துப் போயிருக்கும்.

ஜாஸ்காரங்க வாழ்க்கையை நாம கொஞ்சம் கலர் பூசித்தான் பார்க்கிறோம்: ராத்திரி, புகை, தொப்பி. உள்ள இருந்தது தொழிலாளர் பிரச்சினை. நியூயோர்க்கில் மதுபானம் விற்கிற கிளப்புல வாசிக்கணும்னா பொலிஸ் கொடுக்கிற அட்டை ஒன்னு வேணும். 1940இலிருந்து 1967 வரைக்கும் அந்தச் சட்டம் இருந்தது. சார்லி பார்க்கர் மாதிரி ஒரு மேதைக்கே 1951இல் அந்த அட்டையைப் பறிச்சாங்க, ரெண்டு வருசம் கழிச்சுத்தான் திரும்பக் கிடைச்சது. பியானோ வாசிச்ச தெலோனியஸ் மங்க்குக்கு 1957 வரைக்கும் கிடைக்கல. அந்த ஊரே கொண்டாடின ஆட்கள், அந்த ஊர் கிளப்புலயே வேலை செய்ய முடியாம வெளியூருக்கு அலைஞ்சாங்க. ஒரு துண்டு அட்டை. செக்ரோல்ல பேர் இருக்கா இல்லையான்னு பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்ல.

இன்னொரு ஆள் சோனி ரோலின்ஸ். 1959இல் புகழோட உச்சியில இருந்தவர், மேடையை விட்டுட்டு வில்லியம்ஸ்பர்க் பாலத்துல போய் ரெண்டு வருசம் தனியா சாதகம் பண்ணினார். இதை ஏதோ ஞானியோட தவம் மாதிரிச் சொல்லுவாங்க. காரணத்துல ஒன்னு ரொம்பச் சாதாரணமானது. பக்கத்து வீட்டுல கர்ப்பிணிப் பொண்ணு இருந்தாங்க, அவங்களுக்குத் தொந்தரவு கொடுக்க வேணாம்னு நினைச்சார்.

இதை வாசிச்சப்ப எங்களுக்கு லயம்தான் ஞாபகம் வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, ரெண்டு பக்கமும் பொதுச் சுவர். அடுத்த காம்பராவில் இருமினா இங்க தூக்கம் கலையும். அதுக்குள்ள ஒரு பிள்ளை எப்படி சாக்ஸ் பழகும்? காலையில கொழுந்தெடுக்கப் போறவங்க ராத்திரி எட்டரைக்கே படுத்துருவாங்க. நமக்குப் பாலமும் இல்ல. தேயிலை மலைக்குள்ள ஏறி, இல்லாட்டி ரயில்பாதை ஓரம் போய்த்தான் ஊதணும். பட்டிப்பொல ஸ்டேஷன் இலங்கையிலேயே உயரத்துல இருக்கிற ரயில் நிலையம், 1,891 மீட்டர். அந்தக் குளிர்ல சாக்ஸ் சுருதி இறங்கி நிற்கும், மூச்சை விட்டு விட்டுச் சூடாக்கினாத்தான் சரிக்கு வரும். ஈரத்துல தொய்ஞ்சு போன தப்பை நெருப்புல காட்டுறோமே, அதே சங்கதி. தப்புக்காவது விறகு போதும். சாக்ஸுக்கு ரீட் வெளியில இருந்து வரணும், அதுவும் சில வாரத்துல தேய்ஞ்சு போகும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் ஏறினப்ப அரிசி விலையைப் பத்தி எல்லாரும் பேசினாங்க, ரீட் விலையை யார் பேசினது?

சரி, தப்புன்னு சொல்லிட்டோம். அதைப் பேசாம சாக்ஸை மட்டும் பேசினா நாங்க பாதி உண்மையைத்தான் சொன்னவங்களாவோம்.

தோட்டத்துல முதல் சம்பளக்கார வாத்தியம் தப்புதான். விடியக்காலையில் பெரட்டுக்கு ஆள் எழுப்பினது அது. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு எதுவும் அது இல்லாம நடக்காது, சாவு வீடு நடக்கவே நடக்காது. ஆனா கூலின்னு வரும்போது? ஒரு போத்தல், சாப்பாடு, கையில மடிச்சு வைக்கிற கொஞ்சம் காசு. எவ்வளவுன்னு கேட்டா மரியாதைக் குறைவு. நாள் முழுக்க அடிச்சவருக்கும் அரைப் பேர்தான். கலியாணத்துக்கு வர்ற பேண்ட் செட்டுக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுத்து, பேசின காசைக் கொடுத்து, கதிரை போட்டு உட்கார வைப்போம். வாத்தியத்துக்குள்ள வித்தியாசம் எதுவும் கிடையாது. அடிக்கிற ஆள் எந்தச் சாதின்னு பார்த்துத்தான் இந்த விலை. அதனால தப்பைத் தொட மாட்டேன்னு கொழும்புக்குப் போன பிள்ளைகளை ‘கலையை அழிக்கிறாங்க’ன்னு திட்டுற பெரியவங்களோட எங்களுக்கு உடன்பாடில்ல. அவமானத்தையும் சேர்த்துத்தான் வாசிக்கணும்னா யார் வாசிப்பா?

கத்ரி கோபால்நாத்தோட கதையும் இங்க பொருந்தும். அப்பா நாகஸ்வரக் கலைஞர். பையன் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸைக் கேட்டு, கருவியிலேயே மாற்றங்கள் செய்து, கமகம் பேச வைக்க ஏறத்தாழ இருபது வருசம் பாடுபட்டார். 1994இல் லண்டன் ரோயல் அல்பர்ட் ஹாலில் பிபிசி ப்ரோம்ஸ் மேடையில் வாசிச்ச முதல் கர்நாடக இசைக் கலைஞர் அவர். பத்மஸ்ரீ 2004இல் கிடைத்தது, 2019இல் காலமானார். பெல்ஜியத்துக்காரர் அடோல்ப் சாக்ஸ் செய்து 1846இல் காப்புரிமை வாங்கின கருவி, தமிழ்க் கோயில் வீதிகளில் ஊதுற கருவியா மாறினதுல அவருக்குப் பெரிய பங்கு. ஆக, சபைகள் ஒரு வாத்தியத்தை உள்ள விடணும்னு நினைச்சா விடும். மேலைநாட்டுப் பித்தளைக்குத் திறந்த கதவு தப்புக்கு ஏன் இவ்வளவு காலம் திறக்கலன்னு கேட்காம கத்ரியை மட்டும் கொண்டாடிட்டுப் போறது எங்களுக்குக் கொஞ்சம் உறுத்துது. (அவர் வாசிப்பு எங்களுக்கு உயிர், அது வேற விசயம்.)

நியூ ஓர்லியன்ஸில் கறுப்பின மக்கள் செய்தது ஒன்னு இருக்கு. தொழிலாளிங்க தங்களுக்குள்ள சங்கம் வச்சு மாசச் சந்தா கட்டினாங்க. உறுப்பினருக்கு நோய் வந்தா மருத்துவச் செலவு, செத்தா அடக்கச் செலவு. அந்த அடக்கச் செலவுக்குள்ள பித்தளை வாத்தியக் குழுவோட கூலியும் சேர்த்தி. போகும்போது மெதுவா வாசிச்சு, அடக்கம் முடிஞ்சு திரும்பும்போது ஆட வைக்கிற மாதிரி வாசிச்சாங்க. ஜாஸ் அந்த ஊர்வலங்களிலும் வளர்ந்த இசைதான். வாசிச்சவங்களுக்கு அடுத்த சாவு வரைக்கும் அடுப்பெரிய ஒரு வழி இருந்தது.

நம்ம தோட்டங்களிலும் மரண உதவிச் சங்கங்கள் இருக்கு. பெட்டிக்குக் கணக்கு இருக்கும், பந்தலுக்கு இருக்கும், டீ, பிஸ்கட்டுக்குக் கூட இருக்கும். தப்புக்காரருக்கு மட்டும் கணக்குப் புத்தகத்துல ஒரு வரி இருக்காது. அந்த வரியைத்தான் நாங்க கேட்கிறோம். தொகையைக் கூட்டத்துல பேசி எழுதிருங்க, வாசிக்க வர்றவருக்கு முன்கூட்டியே தெரியட்டும். நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆகணும்னு வருசக்கணக்கா ரோட்டுல நின்னு, 2021இல் வர்த்தமானியில் வர வச்ச சனம் நாம. உழைப்புக்கு விலை பேச நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. சாராயத்தைக் கூலிக் கணக்குல சேர்க்காதீங்க. குடிக்கிறவர் தன் காசுல வாங்கிக் குடிக்கட்டும்.

‘இப்படியெல்லாம் காசு பேசினா ஊர் உறவு கெட்டுப் போகும்’னு ஒரு மாமா எங்ககிட்ட சொன்னார். பந்தல்காரரும் ஊர் ஆள்தான் மாமா, அவருக்குக் கொடுக்கிறதால உறவு கெடலையேன்னு கேட்டோம். யோசிச்சுச் சொல்றேன்னு போனவர் இன்னும் வரல.

நாங்க எங்க பக்கத்துல ஒன்னு முடிவு பண்ணிட்டோம். இனி நாங்க நடத்துற கூட்டம், புத்தக வெளியீடு எதுவா இருந்தாலும் பட்ஜெட்டில் முதல் வரி வாசிக்கிறவங்களுக்கு, பேனர் அடிக்கிற காசு அதுக்குப் பிறகுதான். தப்புக்கும் சாக்ஸுக்கும் ஒரே தொகை. போக்குவரத்து தனி, ஏன்னா கடைசி ரயில் போனதுக்கப்புறம் பட்டிப்பொலவுக்கு ஆட்டோ பிடிக்க என்ன ஆகும்னு எங்களுக்கே தெரியும்.